காரைநகரின் கரையைத் தாங்குவது எது?

கேள்வி

பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து காரைநகருக்குள் வரும் வெளியூர்க்காரரில் பெரும்பாலானோர் போய்ச் சேரும் இடம், தீவின் வடகரையிலுள்ள கசூரினா கடற்கரை. ஆழமில்லாத, அலை அடங்கிய கடல், வெண்மணல், அதன் பின்னால் நிரை நிரையாகச் சவுக்கு மரங்கள். கரைக்குப் பெயர் வந்ததே அந்த மரங்களால்தான். அவை நிழல் தருகின்றன, சோளகக் காற்றின் வேகத்தைத் தணிக்கின்றன. இவற்றோடு இன்னொரு பெருமையையும் நாம் அவற்றின் மேல் ஏற்றியிருக்கிறோம்: கடலிடமிருந்து ஊரைக் காப்பவை அவையே என்பது. மரநடுகை விழாக்களிலும் பாடசாலைக் கட்டுரைப் போட்டிகளிலும் இந்தக் கூற்று திரும்பத் திரும்ப வருகிறது. கரை அரிக்கிறதா, சவுக்கை நடு என்பது வட இலங்கையிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட தீர்வாகிவிட்டது.

அந்தக் கூற்றைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். காரைநகர் போன்ற தாழ்ந்த சுண்ணக்கல் தீவொன்றில் கரையைக் கரையாக வைத்திருப்பது எது? மரமா, மணலா, மணலுக்கு முன்னால் கடலுக்குள் கிடக்கும் புல்வெளியா? கிடைக்கும் சான்றுகளை எடைபோடும்போது, சவுக்கின் பங்கு உண்மையானது, ஆனால் நாம் நினைப்பதைவிடக் குறுகியது என்றே எனக்குத் தோன்றுகிறது. கரையைக் கட்டும் வேலையின் பெரும்பகுதியைச் செய்பவை தாழ்ந்து வளரும் தாவரங்கள்: கடலுக்குள் சாதாளை, மணலின் மேல் அடம்பனும் இராவணன் மீசையும். நம்முடைய பாதுகாப்புத் திட்டங்களில் இவற்றுக்கு இடமில்லை. போதாக்குறைக்கு, கரையைத் துப்புரவாக்குவது என்ற பெயரில் இவற்றையே அகற்றிவிடுகிறோம்.

சவுக்கு: வருகையும் இயல்பும்

சவுக்கு இலங்கையின் சொந்த மரமன்று. வட அவுஸ்திரேலியா, பசிபிக் தீவுகள், தென்கிழக்கு ஆசியா, மியன்மார் கரை, அந்தமான் தீவுகள் ஆகியவை அதன் இயற்கை வாழிடங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னிந்தியக் கரைகளில் அது பரவலாக நடப்பட்டதற்கு முதன்மைக் காரணம் விறகு. நிலக்கரி கிட்டாத இடங்களில் புகைவண்டிகளுக்கும், பெருகிவந்த நகரங்களின் அடுப்புகளுக்கும் விரைவாக வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. பின்னாளில் சாரமரம், பந்தல்கால், காகிதக்கூழ் என அதன் பயன் விரிந்தது. கடலரண் என்ற தகுதி அதற்குக் காலத்தால் பிந்தியே கிடைத்தது.

மணலில் நிற்பதற்கு வேண்டிய திறமைகள் அதற்கு ஏராளம். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர், காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகிறது. சத்தே இல்லாத வெறும் மணலில் அது செழிப்பதன் காரணம் இதுதான். நாம் இலை என்று எண்ணும் ஊசி உண்மையில் இலையன்று, பச்சைநிறச் சிறுகிளை. ஒன்றை எடுத்து இரு கையாலும் இழுத்தால் கணுவில் கழன்று வரும். கழன்ற இடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஏழெட்டு நுண்ணிய பற்கள் வட்டமாக நிற்பது தெரியும். அந்தப் பற்களே அதன் இலைகள். நீரிழப்பைக் குறைக்க இலையையே இவ்வளவுக்குச் சுருக்கிக்கொண்ட மரம் உப்புக்காற்றுக்கு அஞ்சாததில் வியப்பில்லை.

அதே இயல்புகளுக்கு மறுபக்கமும் உண்டு. உதிரும் ஊசிகள் மெல்லவே மக்குகின்றன. பழைய சவுக்கந்தோப்புக்குள் நடந்தால் கால் மணலில் படாது. பழுப்பு மெத்தை ஒன்றின் மேல்தான் நடப்போம். அந்த மெத்தையினூடே வேறு விதை முளைத்து வருவது அரிது. நிழலும் சேர்ந்துகொள்ள, கீழே புல்லும் கொடியும் இல்லாத வெற்றுத் தரை உருவாகிறது. கரையைத் தாங்குவது எது என்ற கேள்விக்கு இந்த வெற்றுத் தரை மிக முக்கியமானது. பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

ஆழிப்பேரலைக்குப் பின்னான விவாதம்

சவுக்குக்குக் கடலரண் என்ற புகழ் உறுதிப்பட்டது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. அடுத்த ஆண்டே சயன்ஸ் ஆய்விதழில் டேனியல்சனும் சகாக்களும் வெளியிட்ட குறுங்கட்டுரை, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டக் கரையை எடுத்துக்கொண்டு, அடர்ந்த மரங்களுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. அந்த மரங்களில் கண்டலும் இருந்தது, சவுக்குத் தோப்பும் இருந்தது. பரங்கிப்பேட்டையை அண்டிய 18 குக்கிராமங்களை ஆராய்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அதே திசையில் முடிவு சொன்னார்கள். இந்த இரண்டையும் ஆதாரமாகக் கொண்டு இந்தியாவிலும் இலங்கையிலும் பசுமை வேலித் திட்டங்கள் எழுந்தன. நட எளிது, வளர விரைவு என்பதால் நடப்பட்டதில் பெரும்பங்கு சவுக்காகவே அமைந்தது.

மறுப்பும் விரைவில் வந்தது. 2006இல் கெர், பெய்ர்ட், கேம்பல் ஆகியோர் அந்தப் 18 குக்கிராமங்களின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தொலைவு, தரை எவ்வளவு உயரம் என்ற இரண்டுமே உயிரிழப்பின் வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்கிவிடுகின்றன, மரங்களுக்கென்று எஞ்சும் பங்கு மிகச் சிறியது என்பது அவர்கள் முடிவு. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர், காடு இருந்ததாலேயே கடலிலிருந்து தள்ளியும் இருந்தது. தப்பியதற்குக் காடு காரணமா, தொலைவு காரணமா என்று பிரித்தறிய அந்தத் தரவு இடந்தரவில்லை. 2010இல் ஃபீகின் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி போனது. உயிர்வேலி என்ற பெயரில் அந்நிய மரங்களை மணற்கரைகளில் நடுவது, அங்கிருந்த இயற்கைத் தாவரத்தொகுதியை அழிப்பதோடு மக்களுக்குப் பொய்யான பாதுகாப்புணர்வையும் தருகிறது என்று அது எச்சரித்தது. தமிழ்நாட்டின் வடகரையில் நடந்த வேறோர் ஆய்வு, சவுக்குத் தோப்பு கடலோரம்வரை இறங்கிவந்த இடங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுவது குறைந்திருந்ததைக் கண்டது.

இலங்கைச் சான்று இவ்விரு துருவங்களுக்கும் இடையில் நிற்கிறது. ஜப்பானியரான தனகா, பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து இலங்கையிலும் தாய்லாந்திலும் மரங்களின் அமைப்பை அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனிச் சவுக்கைவிடத் தாழையின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. தாழையின் விழுதுகள் தரையை ஒட்டியே நீரின் வேகத்தை உடைக்கின்றன. சவுக்கின் அடிமரமோ கிளையற்றது. நீர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். கீழே தாழையும் மேலே சவுக்குமாக இரண்டு அடுக்கு அமைந்த இடங்களே நன்கு தாக்குப்பிடித்தன.

இந்த விவாதத்தில் காரைநகரை எங்கே வைப்பது? ஆழிப்பேரலையின் பேரிழப்பு குடாநாட்டில் வடமராட்சிக் கரையில்தான் நிகழ்ந்தது. பாக்கு நீரிணைக்குள் ஒதுங்கியிருந்த மேற்குத் தீவுகள் அந்த அளவுக்கு அடிபடவில்லை. கசூரினாவின் சவுக்கு ஊரைக் காத்தது என்று அந்த நாளைச் சான்றாக்கிப் பேசுவதற்கு இடமே இல்லை. காரைநகர் தப்பியது அதன் இருப்பிடத்தால்.

காற்று வேறு, அலை வேறு

சவுக்கை ஆதரிப்போரும் மறுப்போரும் பெரும்பாலும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கரைக்கு வரும் தீங்கு ஒருவகைப்பட்டதன்று. பறக்கும் மணல், நாளாந்த அலை, புயல் எழுப்பும் நீரேற்றம், மெல்ல உயரும் கடல்மட்டம் என்ற நான்கையும் ஒரே மரம் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

பறக்கும் மணலைத் தடுப்பதில் சவுக்கின் பெயர் நியாயமானது. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அங்கே மணற்கும்பிகளுக்கிடையில் பாதி புதைந்து நிற்கும் பழைய தேவாலயத்தின் சுவர்கள், கட்டற்ற மணல் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி. அந்தக் கும்பிகளின் மேல் வளர்க்கப்பட்ட சவுக்கங்காடு மணலின் ஓட்டத்தை அடக்கியது. தென்சீனக் கரையிலும் 1950கள் முதல் இதே நோக்கத்துக்காக இதே மரத்தை நட்டு வயல்களைக் காத்திருக்கிறார்கள். இந்தச் சாதனைகளை ஒதுக்கிவிட்டுச் சவுக்கை வெறுமனே அந்நிய ஆக்கிரமிப்பாளனாகச் சித்திரிப்பது நேர்மையாகாது.

அலை என்று வரும்போது கதை மாறுகிறது. அலை மரத்தின் அடியில் அடிப்பதில்லை. மரம் நிற்கும் மணலை எடுத்துச் செல்கிறது. சவுக்கின் பக்கவேர்கள் மேல்மட்டத்தில் பரவுபவை. மணல் ஓர் அடி இறங்கினாலே அவை அந்தரத்தில் தொங்கத் தொடங்கும். வேர் வெளித்தெரிந்து கடலை நோக்கிச் சாய்ந்து கிடக்கும் சவுக்கு, அரிப்புள்ள எந்தக் கரையிலும் காணக்கூடியது. சாயும்போது வேரோடு ஒரு பாரிய மணற்கட்டியையும் பெயர்த்துக்கொண்டே அது விழுகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் இதே இனத்தை ஆக்கிரமிப்பு மரமாகப் பட்டியலிட்டுக் கடற்கரைகளிலிருந்து அகற்றுகிறார்கள். சூறாவளியில் எளிதில் வேரோடு சாய்வதும், ஆமைகள் முட்டையிடும் மணலை அடைப்பதும், மேடு கட்டும் உள்ளூர்க் கொடிகளை ஒழிப்பதும் அங்கே சொல்லப்படும் காரணங்கள்.

ஆக, சவுக்கு நல்லதா கெட்டதா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. கரையின் எந்தப் பகுதியில், எதைத் தடுக்க நிற்கிறது என்று கேட்கவேண்டும். மணற்காட்டுக் கும்பியின் பின்சரிவில் நிற்கும் சவுக்குக்கும், கசூரினாவில் அலைக்கோட்டுக்கு மேலே சில பாகம் தள்ளி நிற்கும் சவுக்குக்கும் இனம் ஒன்றுதான். செய்யும் வேலை ஒன்றன்று.

பரவைக் கடலும் சாதாளையும்

காரைநகரின் வடக்கே விரியும் கடல், இலங்கையின் தென்கரையில் பார்க்கும் பெருங்கடல் போன்றதன்று. எதிரே கோடிக்கரை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டுவதில்லை. வற்றுப்பெருக்கின் வேறுபாடும் ஒரு மீட்டருக்குக் குறைவு. அலை வளர்வதற்குத் தேவையான தூரமும் ஆழமும் இங்கே இல்லை. தீவுகளுக்கிடையே இன்னும் ஆழங்குறைந்த பரவைக் கடல். இடுப்பளவு நீரில் நின்று சிறகுவலை கட்டும் தொழிலாளரை அங்கே காணலாம். கசூரினாவில் குழந்தைகள் பயமின்றி இறங்க முடிவதும் இந்த ஆழமின்மையால்தான்.

அந்த ஆழமில்லாத கடலின் அடியில் கிடக்கிறது நம் ஊர்களில் சாதாளை என்று சொல்லப்படும் கடற்புல். பாசி என்று பலர் எண்ணினாலும் இது வேரும் தண்டும் பூவும் உள்ள முழுமையான பூக்கும் தாவரம். தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிப்போன பூக்கும் தாவரங்களின் வழித்தோன்றல். பாக்கு விரிகுடாவில் பல இனங்கள் உண்டு. வாளைப்போல் நீண்ட இலையுடையது ஒன்று, உருளை வடிவில் நூல்போன்றது ஒன்று, கட்டைவிரல் நகமளவு முட்டை வடிவ இலையுடையது ஒன்று. கிடைத்தண்டுகள் மணலுக்கடியில் ஒன்றோடொன்று பின்னி ஓடுகின்றன. இலைகள் நீரின் வேகத்தைக் குறைக்க, மிதந்துவரும் நுண்மண் படிகிறது. படிந்ததைத் தண்டுகள் பிடித்துக்கொள்கின்றன. இந்தோனேசியாவில் கிறிஸ்டியானனும் சகாக்களும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு நுட்பத்தைக் காட்டியது. ஆமைகள் மேய்ந்து இலை கட்டையாகிப்போன கடற்புல் வெளிகூட அடிமணலைப் பிடித்துவைத்திருந்தது. இலை குறைந்தாலும் தண்டும் வேரும் இருந்தால் கரைக்கான பயன் முற்றாகப் போய்விடுவதில்லை.

இழுவைமடி செய்யும் கேடு இந்த இடத்தில்தான் புரிகிறது. ஆமை இலையை மேய்கிறது. இழுவைமடி தண்டையே கிழித்தெடுக்கிறது. இலங்கை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கடற்றொழில் திருத்தச் சட்டத்தால் இழுவைமடியைத் தடைசெய்தது. ஆயினும் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் இழுவைப் படகுகளின் பிரச்சினை தீரவில்லை. இந்தப் பிணக்கை மீன் யாருடையது, எல்லை எங்கே என்ற சொற்களிலேயே நாம் பேசிப் பழகிவிட்டோம். கரையோரத் தீவொன்றின் நிலம் எந்தத் தாவரத்தின் மேல் நிற்கிறது என்ற கோணம் அந்தப் பேச்சில் வருவதேயில்லை. தமிழ்நாடு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளுக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தபோது, உண்மையில் காக்கப்பட்டது கடற்பசு மேயும் சாதாளை வெளிதான். ஒரே விரிகுடாவின் மறுபக்கத்தில் நம் தீவுகளைச் சுற்றியுள்ள வெளிகளும் அதே கவனத்தைப் பெறவேண்டியவை. அண்மைக் காலத்தில் தீவகத்துப் பரவைக் கடலில் பெருகிய கடலட்டைப் பண்ணைகளையும் இதே கேள்வியோடு பார்க்கவேண்டும். அட்டை அடிமண்ணைக் கிளறிச் சுத்தம் செய்யும் நல்ல உயிர். ஆனால் வலைவேலி நீரோட்டத்தைத் தடுத்தால் சாதாளைக்கு என்னாகும் என்பதை, அனுமதி கொடுக்கும் முன்பே இடத்துக்கு இடம் ஆராய வேண்டும்.

சாதாளைக்கு அப்பால் முருகைக்கற்பாறைகள் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பவளங்கள் பற்றி 2021இல் வெளியான ஆய்வொன்று 36 பவள இனங்களை இலங்கைக்குப் புதியவையாகப் பதிவுசெய்தது. நம் முற்றத்துக் கடலை நாம் எவ்வளவு பிந்தி அறியத் தொடங்கியிருக்கிறோம் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

ஒதுங்கிய குவியல்

காற்று மாறும் காலங்களில் சாதாளை கரையொதுங்கும். பழுப்பும் கறுப்புமாக நீண்ட வரம்புபோல் அலைக்கோட்டில் குவியும். ஈரம் காயக்காய நாற்றமும் எடுக்கும். எங்கள் முன்னோர் இதைக் குப்பையாகப் பார்க்கவில்லை. தீவகத்திலும் குடாநாட்டிலும் சாதாளையை அள்ளி உப்புப்போக மழையில் நனையவிட்டு வயலுக்கும் தென்னைக்கும் பசளையாக இட்டார்கள். இன்று அந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது. உல்லாசப் பயணிகளின் கண்ணுக்கு அது அசுத்தம்.

அந்த வரம்பைக் கிட்ட இருந்து பார்க்கவேண்டும். மேலடுக்கு காய்ந்து சருகாக நொறுங்கும். விரலால் விலக்கினால் அடுத்த அடுக்கு ஈரமாய், தோல்போல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கும். ஒவ்வோர் இலைக்கும் இடையில் மணல். விலக்கிய மாத்திரத்தில் நூற்றுக்கணக்கான சிறு கடற்பூச்சிகள் துள்ளி ஓடும். வலசைவரும் கரைப்பறவைகள் அங்கே வந்து கொத்துவது அவற்றைத்தான். வாரக்கணக்கில் இது இப்படியே கிடந்தால், காற்றில் வரும் மணல் அதன்மேல் ஏறும். உள்ளே மக்கும் இலை, மணலில் இல்லாத சத்தையும் ஈரத்தையும் கொடுக்கும். கடலில் மிதந்துவந்த அடம்பன் விதைகளும் அங்கேதான் சிக்கி முளைக்கின்றன.

மத்தியதரைக் கடலோர நாடுகளில் இதுபற்றிப் பல்லாண்டு ஆய்வு நடந்துள்ளது. சார்டினியத் தீவின் கரைகளில் ஒதுங்கிய கடற்புல்லை இயந்திரத்தால் அள்ளியபோது புல்லோடு பெருமளவு மணலும் சேர்ந்தே போனது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். அங்குள்ள இனம் பெரியது, மெல்ல மக்குவது. நம் சாதாளை அவ்வளவு காலம் நிலைக்காது. ஆகவே அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. ஆனால் அள்ளும்போது மணல் போகும் என்ற அடிப்படை எந்தக் கடலுக்கும் ஒன்றே. பிளாத்திக்குப் போத்தலையும் நைலோன் வலைத்துண்டையும் கையால் பொறுக்கி எடுப்பது துப்புரவு. சாதாளையைக் கனரக இயந்திரத்தால் வழித்தெடுத்து ஏற்றிச்செல்வது கரையையே ஏற்றிச்செல்வதாகும்.

அடம்பனும் இராவணன் மீசையும்

அலைக்கோட்டுக்கு மேலே முதலில் வேரூன்றுவது அடம்பன். ஆட்டுக்குளம்புபோல் நுனி பிளந்த தடித்த இலை, கத்தரிப்பூ நிறத்தில் புனல் வடிவப் பூ. கொடியின் ஒவ்வொரு கணுவும் வேர்விடக்கூடியது. மணல் வந்து மூடினால் அடம்பன் சாகாது. மூடிய கணுவிலிருந்து புதுவேர் இறங்கும், நுனி மேலே வரும். மீண்டும் மூடினால் மீண்டும் ஏறும். இப்படி ஏறிய உயரமே மணல்மேடாகிறது. ஒரு கொடியை மெல்ல இழுத்துப் பார்த்தால் ஒரு முழத்துக்கு மேல் வராது, அடுத்தடுத்த கணுக்கள் மணலுக்குள் ஊன்றியிருக்கும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற நம் பழமொழியைச் சொன்னவர் கடற்கரையை நன்றாகப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

அடம்பனோடு சேர்ந்து வருவது இராவணன் மீசை. கூரிய, விறைத்த புல். அதன் முள்ளுருண்டை காற்றில் உருண்டு உருண்டே விதை பரப்பும். இவ்விரண்டும் மணலைப் பிடித்தபின் தாழையும் பூவரசும் பனையும் பின்னால் நிலைகொள்ளும். கடலிலிருந்து நிலத்துக்கு இப்படிப் படிப்படியாக உயரும் தாவர வரிசைதான் மணற்கரையின் இயற்கை அமைப்பு. கடலோரம் நடப்பட்ட சவுக்கு இந்த வரிசையின் நடுவில் வந்து முன்படிகளை விழுங்கிவிடுகிறது. ஊசி மெத்தையும் நிழலும் படியும் இடத்தில் வெயிலை விரும்பும் அடம்பன் நிற்காது. மேடு கட்டும் தாவரம் போனபின் தரை தட்டையாகிறது. புயலின்போது அலைக்கு இரையாகக் கொடுத்து ஊரைக் காப்பதற்கு வேண்டிய மேலதிக மணல் அந்தத் தட்டைக் கரையில் இருப்பதில்லை. மனிதரின் காலடியும் வாகனச் சக்கரமும் எஞ்சிய கொடியை நைத்துவிடுகின்றன. மரம் நிற்பதால் கரை பசுமையாகத் தெரியும். கீழே மேடு கட்டும் வேலை நின்றிருப்பதை எவரும் கவனிப்பதில்லை.

மணலுக்கடியில் நீர்

காரைநகரில் மணல்மேட்டின் பெறுமதி அரிப்போடு முடிவதில்லை. தீவின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணக்கல், துளையும் வெடிப்பும் நிறைந்தது. ஆறு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீட்டர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிவரை கொட்டித் தீர்கிறது. ஊறிய மழைநீர், பாரமான உப்புநீரின் மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு பங்கு நின்றால் கீழே 40 பங்கு நிற்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் கைபனும் பின்னர் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட விதி. நிலத்தடி நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால் உப்புநீர் 40 சாண் மேலேறும் என்பது இதன் மறுபக்கம். கிணறுகள் உவராகி, குடிநீரை வெளியிலிருந்து கொண்டுவரவேண்டிய நிலைக்குத் தீவகம் வந்ததன் பௌதிகம் இந்த விகிதத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. கரையோர மணல்மேடு மழையை ஊறவைத்து, அலை மேலேறி வந்து நிலத்தில் தேங்காமலும் தடுக்கிறது. மேடு கரைந்தால் வில்லையின் விளிம்பும் கரையும்.

கடல்மட்டம் உயர்வது இதற்கு மேலதிக நெருக்கடி. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டின்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2006க்குப் பின் உயர்வின் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். வெளியேற்றம் கட்டுப்படாமல் போனால் 2100க்குள் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரை உயரலாம். சில மீட்டர் உயரமே உள்ள தீவுக்கு இது சிறிய எண்ணன்று. இயற்கையான மணற்கரை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: மேடு முழுவதுமாக நிலத்தை நோக்கி நகர்ந்து, புது இடத்தில் தன்னை மீண்டும் கட்டிக்கொள்கிறது. கொடியும் புல்லும் கூடவே நகரும். நிரையாக நட்ட மரமும், அதன் பின்னால் எழுப்பிய மதிலும் நகராது.

ஒரு கடினமான உண்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1964 டிசம்பரில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயல் காட்டியதுபோல, பாக்கு விரிகுடாவின் ஆழமின்மை நாளாந்த அலையை அடக்கினாலும் புயல்நீரேற்றத்தைப் பெருக்கும். அப்படி எழும் நீரைச் சாதாளையும் தடுக்காது, அடம்பனும் தடுக்காது, சவுக்கும் தடுக்காது. முன்னெச்சரிக்கையும் உயர்ந்த இடங்களுக்கான பாதையுமே உயிர்காக்கும். தாவரங்களால் ஆவது, புயல் வரும்போது கரையில் மணல் கையிருப்பு இருக்கச் செய்வதும், போனபின் மேட்டை மறுபடி கட்டுவதும்தான்.

செய்யக்கூடியது

கசூரினாவின் சவுக்கை வெட்டவேண்டும் என்பது என் கருத்தன்று. அந்த நிழலில் காரைநகரின் பல தலைமுறைகளுடைய நினைவுகள் இருக்கின்றன. ஊரின் வருமானமும் இருக்கிறது. வெட்டினால் மணல் உடனே பறக்கத் தொடங்கும். ஆனால் அலையோரத்து முன்நிரை மரங்கள் முதுமையால் விழும்போது அதே இடத்தில் சவுக்கையே மீண்டும் நடாமல் விடலாம். அந்த இடைவெளியில் வெயில் விழும். ஊசி மெத்தையை அப்புறப்படுத்திவிட்டு அடம்பன் தண்டைக் கணுவோடு புதைத்தால் மாரிமழையில் பிடித்துக்கொள்ளும். அதன் பின்னால் தாழை. பின்நிரையில் சவுக்கு இருந்தபடியே இருக்கட்டும். தனகாவின் ஆய்வு சுட்டிய இரண்டடுக்கு இப்படித்தான் உருவாகும். கடலுக்குப் போகும் வழியை ஓரிரு இடங்களில் மட்டும் திறந்துவைத்தால் மற்ற இடங்களில் கொடி மிதிபடாது.

சட்டத்தில் இதற்கு இடமுண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கரையோர வலயம் என்பதை உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டரும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீட்டரும் எனக் கணக்கிடுகிறது. அதாவது சாதாளை வெளியும் அடம்பன் மேடும் சவுக்கந்தோப்பும் கிணறும் சட்டத்தின் பார்வையில் ஒரே வலயம். நடைமுறையில் அவை கடற்றொழில், சுற்றுலா, வனம், குடிநீர் எனத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிந்து கிடக்கின்றன.

இந்தக் கட்டுரையின் வாதத்தை ஊரவர்களே சோதிக்கலாம்; பெரிய பணம் தேவையில்லை. கடற்கரையின் சரிவை அளக்க எமரி என்ற அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் 1961இல் ஒரு முறையை எழுதிவைத்தார். அளவு குறித்த இரண்டு தடிகள், இரண்டையும் இணைக்கும் கயிறு, பார்வைக்குத் தொடுவானம்; அவ்வளவே. மேட்டிலிருந்து கடலை நோக்கித் தடிகளை மாற்றி மாற்றி வைத்து, தொடுவானத்தின் நேரே இரண்டு தடிகளின் உயர வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு போனால் கரையின் குறுக்குவடிவம் கிடைத்துவிடும். காரைநகரின் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வார்கள். கசூரினாவில் சாதாளை அள்ளப்படும் ஒரு துண்டு, அள்ளாமல் விடப்பட்ட ஒரு துண்டு, அடம்பன் மேடு எஞ்சியிருக்கும் ஒரு துண்டு, சவுக்கு அலையோரம்வரை நிற்கும் ஒரு துண்டு என நான்கு கோடுகளைத் தெரிந்து, சோளகம் தொடங்கும் முன்பும் வாடை ஓய்ந்த பின்பும் ஆண்டுதோறும் அளக்கவேண்டும். ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்தையும் மாறாத ஒரு சீமெந்துக் கட்டையால் அடையாளமிட்டு, அளவுகளை ஒரே பதிவேட்டில் எழுதி, வகுப்புகள் மாறினாலும் பதிவேடு கைமாறாமல் பாடசாலையிலேயே இருக்கச் செய்தால், அடுத்த மரநடுகைத் திட்டம் வரும்போது எதை எங்கே நடுவது என்பதை அந்த ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம்.